ஆனையூர் இடியாப்பக் கடை: சொதிக்கு ஐந்து ஸ்டார், உட்கார இடத்துக்கு ஒன்றுமில்லை

முதலில் சொதியைச் சொல்லிவிடுகிறேன், நான் இந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதே அதற்காகத்தான், மற்ற கதையெல்லாம் பிறகு. மதுரைக்காரனுக்கு இடியாப்பம் என்றால் ஒன்று தேங்காய்ப்பாலும் சீனியும், இல்லாவிட்டால் ஆட்டுக்கால் பாயா. இரண்டுக்கும் நடுவில் ஒரு உலகம் இருக்கிறது என்று எனக்கு முப்பத்தேழு வயது வரைக்கும் தெரியாது. திருநெல்வேலிக்காரர்கள் மறுவீட்டு விருந்தில் போடுவார்களே, காய்கறியும் பாசிப்பருப்பும் போட்ட சொதி, அது வேறு. இது இலங்கைச் சொதி, தண்ணியாக, லேசான மஞ்சளாக, பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். இடியாப்பத்தின் மேல் ஊற்றினால் அரை நிமிடத்தில் உள்ளே போய்விடும், மறுபடி ஊற்றச் சொல்வீர்கள்.

கடைக்கார அக்கா அதை எப்படிச் செய்கிறார் என்று நின்று பார்த்தேன் (நிற்பதைத் தவிர அங்கே வேறு வழியும் கிடையாது, அதற்கு வருகிறேன்). இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வேகும். வெங்காயம் வெந்ததும் கெட்டியான முதல் பாலை ஊற்றிவிட்டுக் கரண்டியை எடுக்காமல் துழாவிக்கொண்டே இருப்பார், அப்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், பணம் நீட்டினாலும் வாங்க மாட்டார். நுரை கட்டி மேலே வருகிற நேரத்தில் சட்டென்று இறக்கிவிடுவார். கொஞ்சம் ஆறிய பிறகுதான் எலுமிச்சை. அவர் அதைத் தேசிக்காய் என்பார். “கொதிக்கேக்க புளி விட்டா கைக்கும் தம்பி, பாலும் திரைஞ்சிரும்” என்று சொன்னார். வீட்டில் என் மனைவி அவசரத்தில் கொதிக்கும்போதே பிழிந்துவிட்டாள், அவர் சொன்ன மாதிரியே கசந்தது.

இடியாப்பம் சிவப்பரிசி மாவு. வறுத்த மாவு என்பதால் ஒரு வாசனை இருக்கும், நம் வீட்டு வெள்ளை இடியாப்பம் மாதிரி ஒட்டாது, பிட்டால் உதிரியாக வரும். ஐந்து இடியாப்பம், சொதி, சம்பல் சேர்த்து நாற்பது ரூபாய். சம்பல் என்பது காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்து உரலில் இடிப்பது. மிக்ஸி இருக்கிறது, ஆனால் சம்பலை அதில் போட மாட்டார். காரம் தாங்காதவர்கள் ஓரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நான் முதல் நாள் வீரமாகப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டே பைக் ஓட்டினேன்.

குறையும் சொல்ல வேண்டும் இல்லையா. சனி ஞாயிறுகளில் கொத்து ரொட்டி போடுகிறார். அவர் ஊரில் அது பெரிய விஷயமாக இருக்கலாம், ஆனால் கொத்து என்று வந்துவிட்டால் நம் ஊர்க் கல்லில் சால்னா ஊற்றிக் கொத்துவதற்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவருடையது காய்ந்துபோய் இருக்கிறது, முட்டைக்கோஸ் அதிகம். மீன் குழம்பு ஞாயிறு மட்டும், வறுத்து இடித்த தூள் போட்டுக் கருப்பாக இருக்கும், அது அருமை, ஆனால் எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். தேத்தண்ணி என்று ஒன்று தருகிறார், வெறும் சாயமும் சீனியும், எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் இடியாப்பத்தைப் பிளாஸ்டிக் தட்டில் பிழிந்து ஆவியில் வைக்கிறார். வேண்டாம் அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். பிரம்புத் தட்டு இங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றார், யாருக்காவது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

பெரிய குறை இடம். கடை என்று சொல்கிறேனே தவிர, நான்கு சவுக்குக் கம்பில் ஒரு தார்ப்பாய், கீழே ஒரு தள்ளுவண்டி, இரண்டு அடுப்பு, மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூலில் ஒன்றுக்குக் கால் ஆடும். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரமாக நின்று சாப்பிட வேண்டும், லாரி போனால் புழுதி. கை கழுவ ஒரு டிரம், ஒரு மக். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. மழை தூறினால் அன்றைக்குக் கடையே இல்லை. இவ்வளவு கைப்பக்குவம் இருக்கிறவர், மூன்று வருடமாகக் கூட்டமும் வருகிறது, ஒரு சின்ன அறை வாடகைக்கு எடுத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும்.

அந்த அறை எங்கள் மாமா வீட்டில் இருந்தது. அது கிடைக்காமல் போனதற்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் இந்த விமர்சனம் இவ்வளவு நீளமாகப் போகிறது, சாப்பாட்டு விவரம் மட்டும் போதும் என்கிறவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

2022 மே மாதம், பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வேன் பிடித்து ராமேஸ்வரம் போனோம். மாமா குடும்பம், எங்கள் குடும்பம், சித்தி பிள்ளைகள் என்று பதினாறு பேர். விளாங்குடியில் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, கோயிலுக்கு முன்னால் தனுஷ்கோடியைப் பார்த்துவிடலாம், வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது என்று நேராக அரிச்சல்முனைக்கே விட்டோம். 2017-ல் ரோடு போட்டதில் இருந்து வண்டி முனை வரைக்கும் போகிறது. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு போன ஊர், இடிந்த சர்ச், எல்லாம் நின்று நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனால் முனையில் கூட்டம் கூடி நின்றது.

மரைன் போலீஸ் ஒரு குடும்பத்தைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த மார்ச் மாதம்தான் இலங்கையில் பால் மாவும் கேஸும் கிடைக்காமல் சனம் படகேறி வர ஆரம்பித்திருந்தது, பேப்பரில் படித்திருந்தோம். தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. படகுக்காரர்கள் நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு இந்தப் பக்கத்து ஆட்கள் போய்த்தான் மீட்க வேண்டும். புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. சங்கு, பாசிமணி விற்கிற கடையின் நிழலில் உட்கார வைத்திருந்தார்கள். சின்னவனுக்கு ஆறு வயது இருக்கும். முழங்கையில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு செருப்பு மட்டும் இருந்தது, அதைக் காலில் போடாமல் கையில் பிடித்திருந்தான்.

எங்கள் மாமா கொஞ்சம் கறார் ஆள். பேரப்பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்குவதற்கே இரண்டு தடவை யோசிப்பார். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பையனைச் சுற்றிப் போர்த்தினார். அத்தை சாப்பாட்டுக் கூடையைத் திறந்து, மத்தியானத்துக்கு என்று கட்டிய புளியோதரைப் பொட்டலம் அத்தனையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். வடக்கே இருந்து வந்த யாத்திரைக்காரர்கள் பிஸ்கட் கொடுத்தார்கள். கோயம்புத்தூர் ரிஜிஸ்ட்ரேஷன் காரில் வந்த ஒரு பெண் தன் பிள்ளையின் செருப்பைக் கழற்றிப் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தாள். வீடியோ எடுத்தவர்களும் உண்டு, சித்தி மகனும் எடுத்தான், நான் தடுக்கவில்லை. “வாங்கிக்கங்க, ஒண்ணும் சொல்ல மாட்டோம்” என்று பெண் போலீஸ் ஒருவர் அந்தம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். பாட்டி மாமாவைப் பார்த்து, “இது இந்தியாதானே ஐயா?” என்று கேட்டார். தொண்ணூறிலும் இதே மாதிரி வந்து, மண்டபம் அகதி முகாமில் தங்கி, திரும்பிப் போய், இப்போது மறுபடியும் வந்திருக்கிறாராம். மாமா ஐந்நூறு ரூபாயை அவர் கையில் வைத்து மூடிவிட்டுத் திரும்பி நின்று அழுதார். அவர் அம்மா செத்தபோதுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை.

திரும்பும் வழி முழுக்க அதே பேச்சு. நம்ம ரத்தம்டா, நம்ம பாஷைடா என்று. மண்டபம் முகாம் சாலை ஓரத்தில்தான் இருக்கிறது. வேன் அதைத் தாண்டும்போது யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பரமக்குடியில் டீக்கு நிறுத்தினோம்.

அந்த முகாமின் கதை விசித்திரமானது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம் பக்கத்து ஆட்களைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் காலரா, அம்மை இருக்கிறதா என்று அடைத்து வைத்துப் பார்த்த இடம் அது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கில் திருப்பி அனுப்பியபோதும் மண்டபம்தான் வாசல். 1983-க்குப் பிறகு அகதிகளுக்கும் அதே வாசல். ஒரே கட்டடத்தில் அனுப்பவும் செய்தோம், வாங்கவும் செய்தோம்.

சரி, கடைக்கு வருகிறேன். 2023 பங்குனி வாக்கில் மாமா வீட்டு முன்கடை காலியானது. பத்துக்குப் பன்னிரண்டு, ஷட்டர் போட்டது, முன்பு ஜெராக்ஸ் கடை இருந்தது. புரோக்கர் ஒருவர் ஒரு அம்மாவையும் காலேஜ் படிக்கிற அவர் மகளையும் கூட்டிவந்தார். சாயங்காலம் மட்டும் இடியாப்பக் கடை, புகை வராது, கேஸ் அடுப்புதான் என்றார். வாடகைக்கும் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார். அத்தை காபி கொடுத்தார். எந்த ஊரும்மா என்று மாமா கேட்டார். ஆனையூர் முகாம் என்றார். மாமா தலையாட்டிக்கொண்டே, “யோசிச்சுச் சொல்றோம்மா” என்றார்.

அவர்கள் போனதும் மாமா சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. “நல்ல சனந்தான். பாவந்தான். ஆனா நாளைக்கு போலீசு, க்யூ பிராஞ்சுன்னு வாசல்ல வந்து நின்னா அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்க? அக்ரிமெண்ட் போடணும்னா அவங்ககிட்ட என்ன பேப்பர் இருக்கு?” பேப்பர் இருந்தது. ஆதார், முகாம் அடையாள அட்டை இரண்டையும் அந்தப் பெண் ஃபைலில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள், யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. “நீயே போன் பண்ணி ஆள் வந்துருச்சுன்னு சொல்லிரு” என்றார் மாமா. நான் செய்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தக் கடை பூட்டியே கிடந்தது.

மாமாவைக் கெட்டவர் என்று எழுத வரவில்லை. துண்டைப் போர்த்தியவரும் அவர்தான், ஷட்டரைச் சாத்தியவரும் அவர்தான், இரண்டிலும் அவர் நடிக்கவில்லை. ஈரத்தோடு கரையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தாலே தெரிகிறது, சோறும் துணியும். கொடுத்துவிட்டு வேனில் ஏறிவிடலாம். முப்பது வருடம் முன்னால் காய்ந்துபோய், பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பிக்கொண்டு, முன்கடை வாடகைக்குக் கிடைக்குமா என்று வாசலில் வந்து நிற்கிறவரிடம் அந்த மாதிரி கொடுத்துவிட்டுப் போக முடிவதில்லை, அவர் நாளைக்கும் அங்கேயே இருப்பார்.

இது நம் ஊர் விசேஷம் மட்டும் இல்லை. 2015 கோடையில் கிரேக்கத் தீவுகளிலும் இதேதான் நடந்தது. கோஸ் தீவுக்கும் துருக்கிக் கரைக்கும் நடுவில் நான்கைந்து கிலோமீட்டர்தான், லெஸ்போஸுக்கும் பத்துப் பன்னிரண்டுக்குள். சிரியா, ஆப்கானிஸ்தான் சண்டையில் இருந்து தப்பியவர்கள் ரப்பர் படகில் வந்து இறங்கிய கடற்கரையிலேயே வெள்ளைக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். காசு கொடுத்து வந்த லீவு வீணாகிவிட்டது என்று புலம்பியவர்கள் இருந்தார்கள். அதே ஆட்களில் சிலர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்த் தண்ணீர், டயப்பர், செருப்பு வாங்கிவந்து தண்ணீருக்குள் இறங்கிக் குழந்தைகளைத் தூக்கினார்கள், லீவை நீட்டித்துக்கொண்டு தங்கியவர்கள்கூட உண்டு. செப்டம்பர் 2-ஆம் தேதி, கோஸுக்குப் போகிற வழியில் மூழ்கிப்போன இரண்டு வயது ஆலன் குர்தியின் உடல் துருக்கிக் கரையில் ஒதுங்கியது, சிவப்புச் சட்டையோடு குப்புறக் கிடந்த அந்தப் படத்தை நம் ஊர் டீக்கடைப் பேப்பரில்கூடப் பார்த்தோம். மியூனிக் ரயில் நிலையத்தில் கைதட்டி, சாக்லேட் கொடுத்து வரவேற்றார்கள். அந்த வருடம் மட்டும் கடல் வழியாக எட்டு லட்சத்துக்கும் மேல் கிரீஸுக்கு வந்தார்கள். ஆனால் அடுத்த மார்ச்சுக்குள் ஐரோப்பா துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு, தீவில் இறங்குகிறவர்களைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டது. கைதட்டியதற்கும் கதவைச் சாத்தியதற்கும் நடுவில் ஏழு மாதம்கூட இல்லை.

நமக்கு அந்த ஏழு மாதம் எட்டு வருடமாக நீண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாடே கடையடைத்தது. அரிசியும் துணியும் வீடு வீடாக வாங்கிக் கொடுத்ததை அப்பா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். 1986 மே மாதம் இதே மதுரையில் ஈழ ஆதரவு அமைப்பான டெசோவின் மாநாடு நடந்தது, வாஜ்பாய், என்.டி.ராமராவ் எல்லாம் வந்தார்கள். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர், ராஜீவ் காந்தி கொலை. அதற்குப் பிறகு அதே அப்பா எங்களைத் தெருவில் புதிதாக வந்த யாரிடமும் பேசாதே என்றார். எனக்கு அப்போது ஐந்து வயது, என்னவென்று புரியவில்லை, குரல் மாறியது மட்டும் தெரிந்தது. குண்டு வைத்தவர்கள் சில பேர், சந்தேகம் மொத்த முகாமுக்கும். 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

83-ல் இருந்து இங்கே வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 2021-ல் அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள், வெளியே பதிவு செய்துகொண்டு இருந்தவர்கள் 34 ஆயிரம். அந்த ஆகஸ்டில் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார்கள். 7,469 வீடு புதிதாகக் கட்டுவது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று இருந்த பணக்கொடையை 1,500 ஆக்குவது எல்லாம் அதில் உண்டு. இனி அகதிகள் முகாம் இல்லை, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயரையும் மாற்றினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கூடல் நகரில் இறங்கி ஆட்டோக்காரரிடம் மறுவாழ்வு முகாம் என்று கேட்டுப் பாருங்கள், நான் கேட்டபோது முழித்தார், பிறகு “அகதி கேம்பா? அப்படிச் சொல்லுங்க” என்றார்.

சில நாள் கடை ஏழு மணிக்கு மேல்தான் திறக்கும், அன்றைக்குச் சொதி இருக்காது. ஏன் என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன், நானும் வேலை முடிந்து பசியோடு போகிறவன்தானே. “இண்டைக்குத் தணிக்கை தம்பி” என்றார். அதிகாரி வந்து குடும்ப அட்டையை வைத்து ஆள் எண்ணுவார், அப்போது எல்லோரும் நேரில் நிற்க வேண்டும், அவர் எப்போது வருகிறாரோ அதுவரைக்கும் தேங்காய் துருவ முடியாது. திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாமில் 2016 மார்ச்சில் இப்படி ஒரு தணிக்கையில் நடந்த வாக்குவாதத்தில்தான் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நான் அதைச் செய்தியாகப் படித்து மறந்திருந்தேன், சொதி இல்லாத நாளில்தான் மறுபடி ஞாபகம் வந்தது. கடை நேரம் சரியில்லை என்று குறை எழுதுவதாக இருந்தால் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கடையைக் கண்டுபிடித்தது தற்செயல். உடன் வேலை பார்க்கிறவன் பார்சல் வாங்கிவந்து கொடுத்தான், மறுநாள் தேடிக்கொண்டு போனால் அடுப்பின் முன்னால் அந்த அக்கா. எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன், அடுத்த வாரமும் போனேன். மூன்றாவது தடவை சொதி ஊற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “முன்கடைக்கு வந்த ஆக்கள் நல்லா இருக்கினமா தம்பி?” என்று கேட்டார். அப்போது அந்த ஷட்டர் பூட்டித்தான் கிடந்தது. “இருக்காங்கக்கா” என்றேன். “நல்லது” என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. அவர் பேசினால் கதைப்பது, அவர் மகள் பேசினால் அசல் மதுரை. “எங்கம்மா இங்க வந்து முப்பது வருசமாச்சு, இன்னும் தேசிக்காய்ங்குது” என்று அவள் கிண்டல் செய்வாள். அக்கா தொண்ணூறில் மன்னாரில் இருந்து வந்தபோது ஒன்பது வயது. சங்கிலியை விற்றுப் படகுக்குக் கொடுத்தார்களாம். ராமேஸ்வரத்தில் இறங்கியபோது எல்லோரும் நனைந்திருந்தார்கள், தீர்த்தமாட வந்த ஒரு குடும்பத்து அம்மா தன் பெட்டியைத் திறந்து, மடிப்பு கலையாத ஒரு சேலையை எடுத்து இவர் அம்மாவிடம் கொடுத்தார். மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. எந்த ஊர்க்காரர், என்ன பெயர், எதுவும் தெரியாது. “அந்தச் சீலையிலதான் இவளுக்கு ஏணை கட்டினது” என்று மகளைக் காட்டினார். ஏணை என்றால் தூளி. இப்போதும் ஒரு துண்டு இருக்கிறதாம், அதைத்தான் சுடுசட்டி பிடிக்க வைத்திருக்கிறேன் என்று எடுத்துக் காட்டினார். கரி படிந்து, மஞ்சள் எங்கே அரக்கு எங்கே என்று தெரியவில்லை. நான் மாமாவின் துண்டை நினைத்துக்கொண்டேன், அதை அவரிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பெருமைக்குச் சொன்ன மாதிரி ஆகியிருக்கும்.

மகள் பி.காம். முடித்துவிட்டாள், இங்கேயே பிறந்தவள். பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலைக்கு எழுத முடியாது. 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்கப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை பெயரும் இல்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் நம் ஒத்தக்கடைப் பக்கத்து உயர் நீதிமன்றக் கிளைதான் உத்தரவு போட்டது, அவர் 2024 தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். “நான் பதினஞ்சு வருசம் முந்திப் பிறந்திருக்கணும்ணே” என்றாள் இவள், பார்சலுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே.

போன சனிக்கிழமை தூக்குச்சட்டியில் சொதி வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். எந்தக் கடை என்றார். ஆனையூர் என்றேன். “உக்காந்து சாப்பிட எடம் இருக்கா, அத்தையையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போகலாம்” என்றார். இல்லை மாமா, ரோட்டோரம் என்றேன். “இவ்வளவு நல்லா போடுறவுகளுக்கு ஒரு ரூம் எடுக்கத் தெரியலையா” என்றார். யார் கடை என்று அப்போது சொன்னேன். அவர் தட்டில் இருந்த இடியாப்பத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். முன்கடையில் இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை இருக்கிறது, அடுத்த ஏப்ரலில் அக்ரிமெண்ட் முடிகிறது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் இன்னும் கேட்கவில்லை. கேட்பேன்.

விவரம்: கூடல் நகர் ரயில் நிலையம் தாண்டி ஆனையூர், முகாமுக்குப் போகும் வழியில் இடது பக்கம் நீலத் தார்ப்பாய். போர்டு கிடையாது. சாயங்காலம் ஆறு முதல் ஒன்பதரை, திங்கள் லீவு. ஜிபே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, சிக்னல் கிடைக்காது, சில்லறை கொண்டுபோங்கள். பாத்திரம் கொண்டுபோனால் சொதி தாராளமாக ஊற்றுவார். பாவம் என்று நினைத்து மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வராதீர்கள், கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார், எனக்கு நடந்தது. மழை வருகிற மாதிரி இருந்தால் போக வேண்டாம், கடை இருக்காது.